காய்கறித் தோட்டத்தைத் தின்பது எது?

சங்கரன்கோவில் தாலூகா கரிவலம்வந்தநல்லூரிலும் அதை அடுத்த கிராமங்களிலும், கரிசல் புஞ்சைகளில் பருத்தியும் பயறு வகைகளும் மழையை நம்பி விளைய, கிணற்றுப் பாய்ச்சல் உள்ள தோட்டங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, புடல், பாகல் முதலிய காய்கறிகள் பயிராகி வருவது அங்கத்தினர்கள் நன்கறிந்த விஷயமே. நிட்சேப நதியில் நீரோடும் நாட்கள் வருஷத்தில் சொற்பம். ஆகையால் கிணற்றில் ஊறுகிற நீரைக் கணக்குப் பார்த்துப் பாய்ச்சி, விதைக்கும் உரத்துக்கும் சங்கத்தில் கடன் பெற்று, காயைச் சந்தைக்குக் கொண்டுபோய் அக்கடனைத் தீர்க்கவேண்டிய நிலைமையில் இருப்பவர்களே நம்மில் பெரும்பாலோர்.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருப்பவன் கண்ணுக்கு ஒன்று தப்பாமல் தென்படுகிறது. தோட்டக்காரர் வைத்திருக்கும் ரசீதுகளில் பூச்சிமருந்தின் பெயர் உண்டு, அளவு உண்டு, தொகை உண்டு; எந்தப் பூச்சிக்காக அம்மருந்து வாங்கப்பட்டது என்பது மாத்திரம் எங்கும் இல்லை. விசாரித்தால், “என்னவோ விழுந்துவிட்டது, கடைக்காரர் இதைக் கொடுத்தார்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. நோயாளியைப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் செடியைப் பாராமல் கொடுக்கப்பட்ட மருந்தைக் கடன் வாங்கியாவது அடித்துவிடுகிறோம். பூச்சி சாகாவிட்டாலும் மருந்துக்குக் கொடுத்த ரூபாய் பற்றில்தான் நிற்கும். தவணை தப்பினால் வட்டியும் அதனோடு சேரும்.

தின்கிற ஜந்துவைத் தோட்டத்தில் கையோடு பிடிப்பது எப்போதும் சாத்தியமன்று. அநேக ஜந்துக்கள் இரவில் தின்று பகலில் ஒளிகின்றன. சில காயினுள்ளும் தண்டினுள்ளும் இருந்துகொண்டே தின்கின்றன. சில கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவை. எனினும் ஒவ்வொன்றும் தின்னும் முறை வேறு; ஆகவே அது விட்டுச்செல்லும் காயமும் வேறு. அக்காயத்தைப் படிக்கத் தெரிந்தால் குற்றவாளி இன்னதென்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். இது பட்டதாரிகளுக்கு மாத்திரம் உரிய வித்தையன்று. ஆட்டின் கடிக்கும் மாட்டின் கடிக்கும் பேதம் தெரிந்த எந்தக் குடியானவரும் ஒரு வாரத்தில் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

காயம் சொல்லும் சாட்சி

பூச்சிகளின் வாய் பொதுவாக இரண்டு வகைப்படும். கடித்து மெல்லும் வாயுள்ளவை ஒரு வகை. ஊசி போன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுபவை மற்றொரு வகை. புழு, வண்டு, வெட்டுக்கிளி முதலியன முதல் வகை. இலையில் ஓட்டையோ, அரிப்போ, வெட்டோ காணப்படும். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை இரண்டாம் வகை. இவை தங்கிய இலையில் ஓட்டை ஒன்றும் இராது. இலை மஞ்சளாகும், சுருளும், ஓரம் கருகும், அல்லது தேன் தடவியதுபோல் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரிப்பூஞ்சணம் படர்ந்து இலை புகை பிடித்தாற்போல் ஆகிவிடுவதும் உண்டு. செடியின்மேல் எறும்புச் சாரை ஏறி இறங்குமாயின், எறும்பைக் குற்றம் சொல்லுமுன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். எறும்பு வருவது அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே.

ஓட்டைகளிலும் பேதம் உண்டு. நாற்று மண்மட்டத்தில் கத்தரியால் நறுக்கியதுபோல் சாய்ந்து கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. அதைச் செடியின்மேல் தேடிப் பயனில்லை. சாய்ந்த நாற்றைச் சுற்றி ஓரிரு அங்குல ஆழம் மண்ணைக் கிளறினால் கறுத்த கொழுத்த புழு வளையமாகச் சுருண்டு கிடப்பதைக் காணலாம். இலையின் ஓரத்தில் பிறை பிறையாகக் கடித்திருந்தால் சாம்பல் நிறக் கூன்வண்டு என்று ஊகிக்கலாம். பச்சை மாத்திரம் சுரண்டப்பட்டு நரம்புகள் வலைபோல் நின்றால் அது புள்ளி வண்டு. அல்லது புகையிலை வெட்டுப்புழுவின் இளம் குஞ்சுகள் கூட்டமாக இருந்து தின்றதாகவும் இருக்கலாம். கொடிப்பயிரின் முளையிலைகளில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் அது சிவப்புப் பூசணி வண்டு. இலைமேல் காய்ந்த பசைபோலப் பளபளக்கும் கோடு இருந்தால் நத்தை.

பார்க்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் தோட்டத்தைச் சுற்றி வந்து “ஒன்றும் காணவில்லை” என்று சொல்லுகிறவர், அதே தோட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு டார்ச் லைட்டுடன் ஒருமுறை பார்க்கட்டும். புகையிலை வெட்டுப்புழு மண்வெடிப்பிலிருந்து வெளிவந்து இலைமேல் ஊர்வதை அப்போது காணலாம். கத்தரி, மிளகாய்ச் செடிகளின் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டினால், செடியில் காணாத இலைப்பேன்கள் சிறு கீற்றுகளாகக் காகிதத்தில் ஓடும். நூறு செடிக்கு ஒன்றாவது வேருடன் பிடுங்கிப் பார்ப்பதும், வாடிய தண்டைக் கத்தியால் பிளந்து பார்ப்பதும் அவசியம். ஒரு செடி போகிறதே என்று வருந்தவேண்டாம்.

எந்தப் பயிரை எந்தப் பூச்சி தின்கிறது என்னும் விவரம் நம் பக்கத்தில் நெடுங்காலமாகவே சேகரிக்கப்பட்டு வந்திருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் பூச்சி சாஸ்திரியாக இருந்த பிளெட்சர் துரை 1914-ஆம் வருஷத்தில் தென்னிந்தியப் பூச்சிகளைப்பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். பின்னர் டி. வி. இராமகிருஷ்ண அய்யர் 1940-இல் தென்னிந்தியாவின் பயிர்ப்பூச்சிகளைப்பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். அப்புத்தகங்களில் கண்ட மருந்துகளில் பல இன்று வழக்கொழிந்தன. ஆனால் கத்தரித் தண்டைத் துளைத்த புழு அன்று எப்படித் துளைத்ததோ அப்படியே இன்றும் துளைத்துக்கொண்டிருக்கிறது.

கத்தரியும் அதன் புழுவும்

கத்தரிக்கு உள்ள சத்துருக்களில் முதன்மையானது தண்டையும் காயையும் துளைக்கும் புழுவே. இதனால் உண்டாகும் நஷ்டம் மிகப் பெரிதாகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வெண்ணிறச் சிறகில் பழுப்புத் திட்டுக்கள் கொண்ட சிறு அந்துப்பூச்சி ஒன்று இரவில் வந்து இலையிலும் குருத்திலும் தனித்தனியாக முட்டையிடுகிறது. பொரித்த புழு சில மணி நேரத்தில் இளந்தண்டினுள் புகுந்துவிடும். செடி காய்க்குமுன் குருத்து மாத்திரம் தலைகுனிந்து வாடித் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அதற்குப் பாய்ச்சுகிறவர்கள் உண்டு. தண்ணீர் போதாவிட்டால் செடி முழுவதும் வாடும். ஒரு குருத்து மாத்திரம் வாடாது. அந்தக் குருத்தைக் கிள்ளிப் பிளந்தால் வெளிர்சிவப்புப் புழு உள்ளே இருக்கும்.

காய் பிடித்தபின் புழு காயை நாடுகிறது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். புழு உட்புகும் துவாரம் மிகச் சிறியது. அதன் கழிவினாலேயே அடைபட்டுக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் காயில் காணும் பெரிய ஓட்டை, புழு தின்று வளர்ந்து வெளியேறிய வழியாகும். அந்த ஓட்டையைக் கண்டபின் அக்காய்க்காக அடிக்கும் மருந்து ஆளில்லாத வீட்டைக் காவல் காப்பது போன்றதே. வெளியேறிய புழு காய்ந்த இலைகளிலும் சருகிலும் தண்டிலும் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி மறுபடி வருகிறது. முட்டை முதல் அந்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

இதன் ஜீவிதத்தை அறிந்தவர்களுக்கு இதைத் தடுக்கும் இடமும் தெரியும். வாடிய குருத்துக்களை வாரம் ஒருமுறை புழு இருக்கும் பாகத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி எடுத்து எரிக்கவேண்டும். வரப்பில் எறிந்தால் புழு திரும்பிவிடும். சொத்தைக் காய்களைச் செடியில் விட்டுவைக்காமல் பறித்து அழிக்கவேண்டும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால் ஆண் அந்துப்பூச்சிகள் அவற்றில் விழுவதைக்கொண்டு பூச்சி வந்த நாளையும் அறியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்ந்த கத்தரிச் செடியை “இன்னும் நாலு காய் வரும்” என்று மறுதாம்புக்கு விட்டுவைப்பதும், பிடுங்கிய மாறைப் புதுத் தோட்டத்து ஓரத்திலேயே விறகுக்காக அடுக்கி வைப்பதும் இப்புழுவுக்கு நாமே கட்டிக்கொடுக்கும் வீடாகும். இந்த ஒரு புழுவுக்காகவே இயற்கை மாற்றிய கத்தரி விதையை உண்டாக்கி, அதைப் பயிரிட விடலாமா கூடாதா என்று தேசம் முழுவதும் வாதம் நடந்து, 2010-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய அரசாங்கம் அதை நிறுத்திவைத்தது. 2013-இல் வங்காளதேசம் அதற்கு அனுமதி கொடுத்தது. அவ்வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் விஷயமன்று.

செடி முழுவதும் வாடினால் வேரைப் பார்க்கவேண்டும். கூன்வண்டின் வெண்புழுக்கள் மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்பதால் தோட்டத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் சாகும். பிடுங்கினால் எளிதாகக் கையோடு வரும். வேரில் கடி இல்லாமல் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத ஜந்து. இவ்விரண்டுக்கும் இலைமேல் மருந்தடித்துப் பயனில்லை. கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது இரண்டுக்கும் நல்லது.

இலைகள் மிகச் சிறுத்து, நெருங்கிக் கொத்தாகி, செடி பூவாமலும் காய்க்காமலும் நின்றால், எதுவும் அதைத் தின்னவில்லை. அது சிற்றிலை நோய். இதை 1930-களின் இறுதியில் கோயம்புத்தூரில் ஆராய்ந்து விவரித்தார்கள். பின்னர், 1967-இல் ஜப்பானியர் கண்டறிந்த ஒரு வகை நுண்ணுயிரே இத்தகைய நோய்களுக்குக் காரணம் என்றும், கத்தரியில் அதைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது ஒரு தத்துப்பூச்சி என்றும் தெளிவாயிற்று. அச்செடிக்குச் சிகிச்சை இல்லை. கண்ட அன்றே பிடுங்கிவிடுவது மற்றச் செடிகளுக்குச் சிகிச்சை.

புள்ளி வண்டுகள் இரண்டு

தோட்டக்காரர்கள் அதிகமாக மயங்கும் இடம் இது. ஒரு தோட்டத்தில் வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் அசுவினி பிடித்த அவரைக்கொடியிலிருந்து வண்டுகளைப் பிடித்துக் கொட்டாங்கச்சியில் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தார். “ஆச்சி, இதை ஏன் கொல்லுகிறீர்கள்?” என்று கேட்டதற்கு, “கத்தரியை வலையாக்கின வண்டுதானே ஐயா, இப்போது அவரைக்கு வந்துவிட்டது” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கத்தரி இலையை வலையாக்கியது புள்ளி வண்டுதான். ஆனால் அவரையில் இருந்தது அந்தப் புள்ளி வண்டு அன்று. அசுவினியைத் தின்ன வந்த அதன் தாயாதி. தாயாதிகளுக்குள் குணம் ஒத்திருக்கவேண்டும் என்பதில்லையே.

இரண்டும் அரைக்கோள வடிவம். இரண்டுக்கும் புள்ளி உண்டு. இரண்டும் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். பேதம் அறிவது பின்வருமாறு. கத்தரி தின்னும் வண்டு செம்பு நிறமாய், மேலே மெல்லிய ரோமம் படிந்து மங்கலாக இருக்கும். கறுப்புப் புள்ளிகள் பன்னிரண்டு அல்லது இருபத்தெட்டு. அசுவினி தின்னும் வண்டு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் வளைந்த கறுப்புக் கோடுகளோ, பெரிய சில கறைகளோ இருக்கும். குஞ்சுகளில் பேதம் இன்னும் தெளிவு. சத்துருவின் குஞ்சு மஞ்சள் நிறம். உடல் முழுவதும் கிளைத்த முட்கள். இலையின் அடியில் அசையாது ஒட்டிக்கொண்டு சுரண்டும். மித்திரனின் குஞ்சு கறுத்து நீண்டு, சிறு முதலையைப்போல் இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள் சுறுசுறுப்பாக ஓடிப் பிடித்துத் தின்னும். ஓடுவதை விட்டுவைக்கலாம், ஒட்டியிருப்பதை நசுக்கலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தவறில்லை. காலையில் ஒரு மணி நேரம் குழந்தைகள் கையால் பொறுக்கியே பத்து சென்ட் கத்தரியைப் புள்ளி வண்டிலிருந்து காப்பாற்றிவிடலாம்.

ஆச்சி கொட்டாங்கச்சியிலிருந்த மிச்ச வண்டுகளைக் கொடியில் திருப்பி விட்டார். அசுவினியை அவை ஒழித்தனவா என்று பார்த்துச் சொல்ல எனக்கு மறுபடி அவ்வூருக்குப் போக வாய்க்கவில்லை.

மிளகாய், வெண்டை, கொடிகள்

மிளகாய் இலை சுருண்டால் எல்லோரும் “முரணை” என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். சுருளின் திசையைக் கவனிக்கவேண்டும். இலையின் ஓரங்கள் மேல்நோக்கித் தோணிபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த தோணிபோல் மடிந்து, காம்பும் நீண்டால் மஞ்சள் சிலந்தி. சிலந்தி என்பது பூச்சி இனமே அன்று. அதற்குக் கால்கள் எட்டு. ஆகையால் இலைப்பேனுக்கென்று வாங்கிய மருந்து பெரும்பாலும் அதைத் தீண்டாது. சில மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல ஜந்துக்களைக் கொன்று சிலந்தியைப் பெருகவே செய்யும். சிலந்திக்கு நனையும் கந்தகம் ஏற்றது. 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களில் பெருநஷ்டம் விளைவித்த கறுப்பு இலைப்பேன் இலையைவிடப் பூவுக்குள் அதிகம் கூடுகிறது. பூ உதிருமாயின் உதிர்ந்த பூவையும் உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பது நல்லது.

வெண்டையில் காயைத் துளைக்கும் புள்ளிப் புழுவும் பருத்திக்காயைத் துளைக்கும் புள்ளிப் புழுவும் ஒன்றே. தக்காளியில் பாதி உடலைக் காயினுள்ளும் பாதியை வெளியிலும் வைத்துத் தின்னும் பச்சைப் புழுவும் அப்படியே. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை எல்லாம் அதற்கு உணவு. கரிசலில் பருத்தி முடிந்ததும் புழு அடுத்த கிணற்றுத் தோட்டத்துக்கு வருவதை நம் பக்கத்தில் எதிர்பார்த்தே இருக்கவேண்டும். தக்காளி வரிசைகளுக்கிடையில் துலுக்கச்சாமந்தி நட்டால் இப்புழுவின் தாய்ப்பூச்சி அப்பூவை நாடி முட்டையிடும். புகையிலை வெட்டுப்புழுவுக்கு இதேபோல் தோட்டத்து ஓரத்தில் ஆமணக்கு. ஆமணக்கிலையின் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கிள்ளி எரிக்கவேண்டும்; ஒரு குவியலில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும்.

வெண்டை இலையின் நரம்பெல்லாம் மஞ்சளித்து வலை வரைந்தாற்போல் ஆவது நோய்; அதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை அசைத்தால் வெள்ளைத் தூள்போல் பறந்து மறுபடி உட்காரும். நோய்ச் செடியைத் தேற்ற முயல்வது வீண். அதைப் பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைத்து ஈயைக் குறைக்கவேண்டும். அடுத்த போகத்துக்கு இந்நோயைத் தாங்கும் விதையைக் கேட்டு வாங்கவேண்டும்.

கொடிப்பயிர்களில் பாகலும் பீர்க்கும் வெம்பி, கோணி, மஞ்சளித்து அழுகினால் பழ ஈ. காயின்மேல் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும், அதில் கசிந்து உறைந்த பசையும் இருக்கும். புழு உள்ளே பத்திரமாக இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைச் சேராது. விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழக் குழியிட்டு மூடுவதே முக்கியமான வேலை. மாட்டுக்குப் போட்டுச் சிதறவிட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். முருங்கைக் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாகப் படிந்திருக்கும், தீப்பந்தத்தால் பொசுக்கிவிடலாம்.

பூச்சியல்லாத பிராணிகளும் உண்டு. தண்டு சரிவாக வெட்டுண்டு, வரப்பில் வளையும் புழுக்கையும் இருந்தால் எலி. தக்காளி கொத்தப்பட்டு, ஈர மண்ணில் மூவிரல் தடம் இருந்தால் மயில். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி மயிலைக் கொல்வது பெருங்குற்றம். விஷத் தானியம் வைத்தவர்கள் சிறை செல்வதோடு, அத்தானியத்தைத் தின்னும் கோழியையும் குருவியையும் இழக்கிறார்கள். வலையும் வேலியும் தவிர இதற்கு வேறு யோசனை சொல்லத் தெரியவில்லை.

அடையாளம் அறிந்ததால் உண்டான லாபம்

பூச்சியை இன்னதென்று நிச்சயிப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, நம் ராஜ்யத்திலேயே நடந்த ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 2008-ஆம் வருஷம் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு மாவுப்பூச்சி புதிதாகக் காணப்பட்டது. விரைவில் மல்பெரி, மரவள்ளி, கத்தரி, செம்பருத்தி என்று எங்கும் பரவிற்று. மேலே மெழுகுப் போர்வை இருந்ததால் மருந்து உள்ளே செல்லவில்லை. அடிக்க அடிக்க மறுபடி மூடிக்கொண்டது. இது மெக்ஸிகோ தேசத்திலிருந்து உலகில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி என்று சாஸ்திரிகள் நிச்சயித்தபடியால், அதற்குரிய இயற்கைச் சத்துரு எது என்பதும் தெரியவந்தது. 2010-இல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து அந்தச் சிறு குளவி தருவிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தோட்டங்களில் விடப்பட்டது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு வளர்ந்து, மருந்துகளால் ஆகாததைச் சில மாதங்களில் செய்துமுடித்தது. அதை விட்ட தோட்டங்களில் மருந்தடிப்பதை நிறுத்தவேண்டும் என்பதே விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. மாவுப்பூச்சியின் பெயர் தெரியாமல் இருந்திருந்தால், குளவியின் பெயரைத் தேடியிருக்க முடியாது.

மருந்து அவசியமாகும்போது

மருந்தே கூடாதென்று சொல்லவில்லை. குற்றவாளி இன்னதென்று நிச்சயித்தபின், கைவேலையால் அடங்காதபோது, முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, நீர் சேர்த்துப் பத்து லிட்டராக்கி, இருபது கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவேண்டும். ஆனி, ஆடியில் மரத்தடியில் விழும் கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் செலவு கூலி மாத்திரமே. உறிஞ்சும் பூச்சிகளுக்கும் இளம் புழுக்களுக்கும் இது போதும். தண்டினுள் புகுந்துவிட்ட புழுவுக்குப் போதாது.

கடை மருந்து வாங்குவோர் டப்பாவின்மேல் உள்ள சாய்சதுரத்தைப் பார்க்கவேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. காய்கறிக்குச் சிவப்பை நாடவேண்டியதில்லை. மோனோகுரோட்டபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளுக்கு அடிப்பதை மத்திய அரசாங்கம் 2005-இலேயே தடைசெய்துவிட்டது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் உடன்வரும் துண்டுச்சீட்டில் அச்சிட்டிருக்கும். கத்தரியும் வெண்டையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் காய்கள். இன்று அடித்து நாளை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் காயைத் தின்பவர்களில் நம் உறவினரும் இருப்பார்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தமாக வைத்து, வரப்புக்கு அப்பால் உள்ளவர் ஓய்ந்த கத்தரியை மறுதாம்புக்கு விட்டால் இருவரும் நஷ்டப்படுவர். சென்னை மாகாணத்தில் 1919-இலேயே பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் இயற்றி, அறிவிக்கப்பட்ட பிரதேசத்தில் உள்ள குடியானவர்கள் எல்லோரும் சேர்ந்து பூச்சியை ஒழிக்கவேண்டும் என்று விதிக்க இடம் செய்தது இந்தக் காரணம்பற்றியே. சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஒரு கிணற்றுப் பாய்ச்சலைச் சேர்ந்த அங்கத்தினர்கள் கூடி, பழைய கத்தரியைப் பிடுங்கி எரிக்க ஒரு தேதி குறித்துக்கொண்டால் அதுவே போதும். சங்கக் காரியாலயத்தில் ஒரு பூதக்கண்ணாடியும், வாய் அகன்ற நாலைந்து கண்ணாடிப் புட்டிகளும் வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு புட்டி மருந்தின் விலையைத் தாண்டாது. இன்னதென்று தெரியாத புழுவை அது தின்ற இலையோடு புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் புது இலை கொடுத்து வந்தால், இரண்டு மூன்று வாரத்தில் வெளிவரும் வண்டோ அந்துப்பூச்சியோ தன் குலத்தைத் தானே சொல்லிவிடும். அந்துப்பூச்சிக்குப் பதில் சிறு குளவி வெளிவந்தால், நம் தோட்டத்தில் நமக்கு வேண்டியவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அறிந்து மருந்தைச் சற்று ஒத்திவைக்கலாம்.

அப்படியும் தெரியாததை வட்டாரத் தோட்டக்கலை அதிகாரியிடமோ, 1901 முதல் நடந்துவரும் கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்திலோ, கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியிலோ காண்பிக்கலாம். மாதிரி கொண்டுபோகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோகவேண்டும். பையில் வேர்த்து அழுகிய இலையிலிருந்து ஒருவராலும் ஒன்றும் சொல்ல இயலாது. இலை மாத்திரம் போதாது. செடி முழுவதையும் வேர்மண்ணோடு எடுத்து, நட்ட தேதி, முதலில் கேடு கண்ட தேதி, வரப்போரத்திலா நடுவிலா எங்கே தொடங்கியது, பக்கத்து நிலத்தில் என்ன பயிர், இதுவரை அடித்த மருந்து யாது என்னும் ஐந்து விவரங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து உடன் வைக்கவேண்டும். மருந்தின் பெயர் மறந்திருந்தால் காலிப் புட்டியை நன்றாக மூடித் தனிப் பையில் கொண்டுபோகலாம்.